பொட்டு வைக்கிற இடம் கருத்துப் போகுதா? சாயக் குங்குமம் செய்யும் வேலை!

நெற்றியில் குங்குமம் வைக்கும் இடத்தில் மட்டும் காசு அளவுக்குக் கருப்பு. "பித்தம்", "வெயில்" என்று சொல்லிப் பல பெண்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. கருப்பு தெரியாமல் இருக்கப் பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைக்கிறார்கள். கருப்பும் கூடவே பெரிதாகிறது!

காரணம், குங்குமத்தில் கலக்கும் சாயம்.

மஞ்சள், படிகாரம், வெண்காரம், எலுமிச்சைச் சாறு. அசல் குங்குமம் இவ்வளவுதான். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் "பளிச்னு சிவப்பா குடுங்க" என்கிறார்கள். மாவில் ஆலைச் சாயத்தைக் கலந்தால் பளிச்சென்று ஆகிவிடும். செலவும் கம்மி.

ஜப்பானில் கருத்த முகங்கள்

ஜப்பானில் 1960, 70-களில் ஏராளமான பெண்களுக்கு முகம் கருத்தது. முகப்பூச்சில் போட்ட சிவப்புச் சாயத்தோடு "சூடான்-1" என்ற கசடும் வந்தது டாக்டர்கள் சோதனையில் தெரிந்தது. மிளகாய்த் தூளில் கலப்படக்காரர்கள் கலக்கிறார்களே, அதே சூடான்தான்! 1977-ல் பெரிய கம்பெனிகள் இதுபோன்ற சரக்குகளை நீக்கின. அதன்பின் நோய் மளமளவென்று குறைந்தது.

நம் நாட்டில் குங்குமத்தால் தோல் பாதித்தவர்களைச் சோதித்தபோதும் இதே சூடான்-1 சிக்கியது. பலருக்கு அரிப்பே இருக்காது. நேரே கருப்புதான். அதனால் குங்குமத்தின் மேல் சந்தேகமே வருவதில்லை.

கிரீமுக்கு எதற்குக் கலர்?

ரோஸ் கிரீம், பச்சை சோப்பு... அந்தச் சாயத்தால் தோலுக்கு ஒரு பலனும் இல்லை. வாங்குகிறவர் கண்ணுக்குத்தான்! அதற்காக எல்லாச் சாயமும் விஷம் என்று பயப்பட வேண்டாம். அனுமதித்த சாயம் பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. சோப்பு கழுவினால் போய்விடும். பொட்டு அப்படியா? காலை முதல் இரவு வரை ஒரே இடம், வேர்வையில் ஊறி, வருஷக் கணக்கில்.

அழகுப் பொருளில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பட்டியலில் உள்ள சாயத்தைத்தான் சேர்க்கலாம் என்கிறது சட்டம். சாயத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக் கூடாது. ஆர்சனிக் 2 பங்கு.

2024 பிப்ரவரியில் தமிழக அரசு ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது ஞாபகம் இருக்கும். அதில் இருந்த ரோடமைன்-பி துணிக்குப் போடும் சாயம். அமெரிக்காவில் 1988-லேயே அழகுப் பொருளில் அதைத் தடுத்துவிட்டார்கள்.

என்ன செய்யலாம்?

பெயர், விலாசம், லைசென்ஸ் நம்பர் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். சோப்பு, கிரீம் அட்டையில் "சி.ஐ." என்று போட்டு ஐந்து இலக்க எண் இருந்தால் அது சாயம். 19140 என்றால் மஞ்சள், 42090 என்றால் நீலம்.

கருப்பு விழுந்திருந்தால் குங்குமத்தை உடனே நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் போகவேண்டும். முதுகில் மருந்து ஒட்டி, 2 நாள் கழித்துப் பார்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவார். கருப்பு மறைய மாதக் கணக்காகும்.

ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறினால் தப்பிக்கலாமா? அதன் பசை சிலருக்கு வெள்ளைத் தழும்பு உண்டாக்கும். அது தனிக் கதை!

சந்தேகமான சரக்குபற்றிச் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்து கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம். பொட்டலத்தையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.