பிரிதலும் சிதைதலும்

முன்னொருகால் என்னிடம் தமிழ் பயின்று, இன்று உயிரியல் கற்பிக்கும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் கட்டுரையொன்றுடன் வந்தார். "ஐயா, பொருளுக்கு நான் பொறுப்பு; சொல்லை நீங்கள் பார்த்துத் தரவேண்டும்" என்றார். அமிலோயிட்டு நோய் பற்றியது அக்கட்டுரை. மருத்துவம் என் துறையன்று. ஆயினும் அதிலே இரண்டு சொற்கள் என்னைத் தடுத்து நிறுத்தின.

முதலாவது, நோயின் பெயர். அமிலோயிட்டு என்றால் மாப்பொருள் போன்றது என்பது பொருள். உறுப்புகளிற் படியும் ஒருவகைப் பொருள், அயடீன் பட்டபோது மாப்பொருள்போல் நிறம் மாறக் கண்டு, ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ 1854ஆம் ஆண்டில் அப்பெயரை இட்டார். 1859இல் பிரீட்ரைக், கெக்குலே என்னும் இருவர் ஆராய்ந்து, அது மாப்பொருளன்று, புரதஞ் சார்ந்தது எனக் காட்டினர். பிழை தெளிந்தது, பெயரோ நிலைத்துவிட்டது. மாணவர் அதனை 'மாப்போலி' என மொழிபெயர்த்திருந்தார். பழைய பிழையைப் புதுத் தமிழிற் குடியேற்றுவானேன்? அயற்சொல்லாகவே இருக்கட்டும் என்றேன்.

இரண்டாவது சொல்லே பெரிது. பெரும்பாலும் ஈரலில் உண்டாகும் திரான்சுதைரெற்றின் என்னும் புரதம், ஒரே வகையான நான்கு கூறுகள் சேர்ந்த கூட்டு. ஒவ்வொரு கூறும் 127 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. தைரொக்சினையும், வேறொரு புரதத்தின் துணையோடு விற்றமின் ஏயையும் குருதியிற் சுமந்து செல்வது அதன் தொழில். இக்கூட்டுக் குலையின், தனித்த கூறுகள் மடிப்பு நெகிழ்ந்து, தம்முள் தாறுமாறாக ஒட்டி, நார்களாகி, நரம்பிலும் இதயத்திலும் படிகின்றன.

போர்த்துக்கல் நாட்டின் பொவோவா டி வர்சிம் என்னும் மீனவர் ஊரிலே, பாதத்தில் உணர்விழப்பாகத் தொடங்கும் நோயொன்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. மக்கள் அதனைச் 'சிறுபாத நோய்' என்றனர். வைத்தியர் கொரினோ அந்திராதே 1952இல் அதனை விரித்தெழுதினார். சங்கிலியின் 30ஆம் இடத்தில் வலீனுக்குப் பதிலாக மெதியோனீன் அமைவதே மூலம் என்பது பின்னர் தெரியவந்தது. ஓரெழுத்துத் திரிந்து பொருள் கெட்ட சொல் போன்றது அது.

மாணவர் இக்குலைவைச் 'சிதைதல்' என எழுதியிருந்தார். "முதலிற் கூறு சிதைகின்றதா, கூட்டுப் பிரிகின்றதா?" என வினவினேன். அவர் சற்று எண்ணி, "பிரிவே முதல், ஐயா. நார் உண்டாகும் வேகத்தை அப்பிரிவே வரையறுக்கின்றது" என்றார். அங்ஙனமாயின் 'பிரிதல்' என்றே எழுதுக என்றேன்.

பின்னர் அவர் சொன்னது என்னை வியப்பில் ஆழ்த்தியது. தபாமிடிசு என்னும் மருந்து, படிந்த நாரைக் கரைப்பதன்று. கூட்டின் நடுவே தைரொக்சினுக்கென அமைந்து, பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்கும் இடங்களிற் புகுந்து, நான்கு கூறுகளும் பிரியாவண்ணம் பிணைக்கின்றது. ஐரோப்பாவில் 2011இல் நரம்பு நோய்க்கும், அமெரிக்காவில் 2019இல் இதய நோய்க்கும் அதற்கு அனுமதி கிடைத்தது. நோயை அது முற்றாக மாற்றுவதில்லை. அதன் விரைவைத் தணிக்கின்றது.

'சிதைதல்' எனக் கற்ற மாணவன் சிதைந்ததைச் செப்பனிடும் வழியையே தேடுவான். 'பிரிதல்' எனக் கற்றவனுக்கே பிணைக்கும் வழி தோன்றும். கலைச்சொல் ஆக்குவோர் அகராதியைப் புரட்டுமுன், பொருளறிந்தவரிடம் ஒரு கேள்வி கேட்டல் நன்று. அன்று நான் கேளாதிருப்பின், இலக்கணப் பிழையற்ற, பொருட்பிழை நிறைந்த கட்டுரையொன்றுக்கு உடன்பட்டவனாயிருப்பேன்.