அந்தக் கணக்கில் இருந்தது நம்ம பெயர்

பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிய நேரத்தில் கிள்ளானிலிருந்து பெரியம்மா அழைத்தார். வழக்கமாக அவர் கேட்பது இரண்டே கேள்விதான்: சாப்பிட்டாயா, எப்போது வருகிறாய். அன்று கேட்டது வேறு.

"தம்பி, ஒருத்தர் மேல கேஸ் போட்டா வீட்டையும் எடுத்துக்குவாங்களா?"

யார் மேல் என்று கேட்டேன். "சும்மாதான்பா" என்று வைத்துவிட்டார்.

சும்மா கேட்கிற ஆள் இல்லை அவர். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினேன். வழியில் நான்கு முறை அழைத்தேன். நான்கு முறையும் அவர் வேறோர் அழைப்பில் இருந்தார். வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியபோது, திறந்தவர் உதட்டில் விரல் வைத்து "பேசாதே" என்று சைகை காட்டினார். சாமி மேடைக்குப் பக்கத்தில் கைப்பேசி ஒலிபெருக்கியில் கிடந்தது. ஒரு குரல் மலாயில் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தது. நான் எடுத்துத் துண்டித்தேன். பெரியம்மா அழத் தொடங்கினார். போன பணத்துக்காக அல்ல, "போலீஸ் கோபப்படுவாங்களே" என்பதற்காக.

இரண்டு நாளாக நடந்தது இதுதான். முதலில் ஒரு கூரியர் நிறுவனத்தின் பெயரில் அழைப்பு: உங்கள் பெயரில் ஒரு பார்சல், உள்ளே பிறருடைய ஏடிஎம் கார்டுகள். அடுத்து அழைப்பு ஒரு 'சார்ஜனுக்கு' மாற்றப்பட்டது. திரையில் தெரிந்தது உண்மையான காவல் நிலையத்தின் எண் போலவே இருந்தது. இணையவழி அழைப்பில் எந்த எண்ணையும் அப்படிக் காட்ட முடியும். கள்ளப் பணம் மாற்றிய வழக்கில் உங்கள் பெயர் இருக்கிறது, பணத்தைப் பரிசோதனைக்காகப் 'பாதுகாப்புக் கணக்கில்' போடுங்கள், விசாரணை முடிந்ததும் திரும்பி வரும், யாரிடமும் சொல்லக்கூடாது, பிள்ளைகளிடமும்கூட. நம் ஊரில் 'மக்காவ் ஸ்கேம்' என்று சொல்கிறோமே, அதன் அச்சு மாறாத வடிவம்.

சேமநிதியிலிருந்து எடுத்து வைத்திருந்த பணம். முதல் நாள் 20,000 வெள்ளி, மறுநாள் காலை 18,000 வெள்ளி. வங்கி முகப்பில் இருந்த பெண் எதற்காக என்று கேட்டிருக்கிறார். "மருமகள் வீடு வாங்குகிறாள் என்று சொல்லுங்கள்" என்று சார்ஜன் சொல்லிக் கொடுத்திருந்தார். பெரியம்மாவும் அப்படியே சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் ஒரு கடைக்காரரிடம்கூடப் பொய் சொல்லாதவர்.

பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சில கட்டுப்பாடுகளை அறிவித்தது. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைப் படிப்படியாகக் கைவிடுவது, இணைய வங்கியில் புதிதாகப் பதிந்தால் சிறிது நேரம் காத்திருக்கச் செய்வது போன்றவை. நல்ல பூட்டுகள்தான். ஆனால் வீட்டுக்காரரே சாவியோடு வந்து திறந்துவிட்டால் பூட்டு என்ன செய்யும்?

அன்று என்னை உறுத்தியது வேறொன்று. பணம் போட்ட சீட்டை வாங்கிப் பார்த்தேன். போலீஸ் கணக்கு என்று சொன்ன இடத்தில் ஒரு தனிமனிதரின் பெயர். தமிழ்ப் பெயர். "இது உங்களுக்குச் சந்தேகம் தரலையா?" என்றேன். "நம்ம பையன் ஒருத்தன் போலீஸ்ல நல்ல வேலையில இருக்கான்னு நினைச்சேன்" என்றார்.

பெரியம்மா ஏமாளி அல்ல. இருபது வருடம் தெருப் பெண்களோடு கூட்டு கட்டியவர். (நாடாளுமன்றம் 1971இல் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயரே 'கூட்டு நிதித் தடைச் சட்டம்'. மலேசியச் சட்டத்தின் தலைப்பில் ஒரு தமிழ்ச் சொல். பெருமைப்பட வேண்டிய இடமா என்று தெரியவில்லை.) கூட்டில் யாராவது ஏமாற்றினால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். முகம் தெரியும், அம்மா அப்பா தெரியும். இங்கே முகமே இல்லை. ஒரு பெயர் மட்டும் இருந்தது, அந்தப் பெயரை நம்பிவிட்டார்.

997க்கு அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையம் அது. போலீஸ், பேங்க் நெகாரா, வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதில் கைகோத்திருக்கின்றன. எந்த வங்கி, எந்தக் கணக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். மணிதான் முக்கியம். பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று ஓடி, கடைசியில் ரொக்கமாகவோ வேறு நாட்டுக்கோ போய்விடும். ஓடி முடிவதற்குள் மறிக்க வேண்டும். மறுநாள் ஆறுதலாக யோசித்துச் சொல்லலாம் என்று வெட்கத்தில் மூடி வைப்பவர்கள்தான் முழுதாக இழக்கிறார்கள். பெரியம்மா முதல் நாள் போட்ட 20,000 போனது போனதுதான். காலையில் போட்டதில் 7,000 வெள்ளி சொச்சம் வழியில் முடக்கப்பட்டது.

அந்தத் தமிழ்ப் பையனைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. என் அலுவலகத் தோழர் ஒருவரின் தம்பி, கல்லூரியில் படிப்பவன், டெலிகிராமில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஏடிஎம் கார்டையும் பின் எண்ணையும் 500 வெள்ளிக்கு 'வாடகை' விட்டிருக்கிறான். ஆன்லைன் வியாபாரத்துக்கு என்றார்களாம். சிலரிடம் ஆலோங் கடனுக்கு ஈடாகக் கார்டை வாங்கிக்கொள்கிறான். நாட்டில் இதற்குக் 'கெல்டாய் அக்கவுன்', கழுதைக் கணக்கு என்று பெயர். பொதி யாருடையது என்று கழுதைக்குத் தெரியாது, பிடிபடுவது கழுதைதான். தம்பியின் கணக்கு முடங்கியது. புகார் கொடுத்தவர் வேறு மாநிலத்தில் இருந்ததால் படிப்பை விட்டுவிட்டு அங்கே அலைந்தான். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவது இனிக் கடினம்: 2024இல் தண்டனைச் சட்டத்தில் 424ஏ முதல் 424டி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. கணக்கையோ கார்டையோ முறையின்றிப் பிறர் கையில் கொடுப்பதே குற்றம். பெரியம்மாவைப் பற்றிப் பேசும் வீடுகள் இந்தப் பையனைப் பற்றியும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் பேசுவதில்லை.

பணம் போடும் முன் கணக்கு எண்ணைப் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பார்க்கலாம். அன்றிரவு நானும் தட்டிப் பார்த்தேன். அந்த எண் மீது புகார் எதுவும் இல்லை. முதல் புகார் எங்களுடையது போலிருக்கிறது. ஆக, அதில் பெயர் இல்லை என்பதால் மட்டும் ஒரு கணக்கு நல்ல கணக்கு ஆகிவிடாது. போலீஸ் யாரையும் தொலைபேசியில் வைத்துப் பணத்தை மாற்றச் சொல்லாது என்பதும், பேங்க் நெகாரா பொதுமக்கள் பணத்துக்குக் கணக்கு வைத்திருக்கவில்லை என்பதும் அதைவிட உறுதியான சோதனை.

பத்து நாள் கழித்து உண்மையான விசாரணை அதிகாரி பெரியம்மாவை அழைத்திருக்கிறார். "சார்ஜன்" என்ற சொல்லைக் கேட்டதும் பெரியம்மா துண்டித்துவிட்டார். மறுபடியும் அழைப்பு, மறுபடியும் துண்டிப்பு. மூன்றாவது முறை, "ஒரு தடவை ஏமாந்தது போதும்டா!" என்று தமிழிலேயே கத்தியிருக்கிறார். பிறகு எனக்கு அழைத்துச் சொன்னார். இருவரும் காவல் நிலையத்துக்கு நேரில் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரியம்மா உட்காரவில்லை. முதலில் அவருடைய அதிகார அட்டையைக் காட்டச் சொன்னார்.