முன் சக்கரம் ஏன் இழுக்கவில்லை?

கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் தாங்கும், பருத்திக்கும் உளுந்துக்கும் ஏற்றது என்று நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அம்மண்ணிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிக் கனிமத்தின் அடுக்குகளுக்கிடையே தண்ணீர் புகுந்து மண்ணை உப்பச் செய்கிறது. பயிருக்கு வரமான இந்தக் குணம் வண்டிக்குச் சாபம். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்து வண்டிப் பாதைகளில் டயரின் வெட்டுகள் எல்லாம் களி அப்பி, சக்கரம் வழுக்கு உருளையாகிவிடும். பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றும்.

கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகளில் பல, உழவுக் காட்டின் நடுவே நிற்பவை. அங்கே பழுது பார்க்கும் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளில் சில, நான்கு சக்கரமும் இழுக்கும் ‘ஃபோர் வீல்’ வண்டிகள். என் அண்ணன் அப்படி ஒரு வாடகை வண்டியின் ஓட்டுநர். வண்டி ஓடுகிற நாளுக்குத்தான் அவருக்குச் சம்பளம். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த என் கட்டணமும் அதிலிருந்துதான். மழை பிடித்த ஒரு வாரத்தில் ஃபோர் வீல் கம்பியைப் போட்டும் முன் சக்கரங்கள் இழுக்கவில்லை. ஒரு பட்டறையில், “பெட்டியை இறக்கிப் பிரித்தால்தான் தெரியும்” என்றார்கள். வண்டி பல நாள் நிற்க வேண்டும். செலவோ அண்ணனின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். பெட்டியைப் பிரிக்காமல் பழுதின் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும். அதற்கு நம் இயற்பியல் பாடமே போதும்.

என்ஜினின் சுழற்சி கியர் பெட்டி வழியாக ‘டிரான்ஸ்ஃபர் பெட்டி’க்கு வருகிறது. அங்கிருந்து பின்னால் ஒரு தண்டு எப்போதும் சுற்றும். கம்பியைப் போட்டால் உள்ளே ஒரு பல்வளையம் நகர்ந்து முன் தண்டையும் அதனுடன் கோக்கும். முன் தண்டு முன் அச்சின் டிஃபரன்ஷியலைச் சுற்ற, அது இடம் வலம் இரண்டு அச்சுத் தண்டுகளையும் சுற்றும். (நம் பட்டறைகளில் இதைக் ‘கிரவுன்’ என்பார்கள்.) சில வண்டிகளில் இதற்கும் அப்பால் இன்னொரு கண்ணி உண்டு. அதுதான் சக்கர ஹப். இரண்டாம் உலகப் போரின் ஜீப்புகளில் இது கிடையாது. தார்ச்சாலையில் ஓடும்போதும் முன் அச்சின் உறுப்புகள் வீணே சுழன்று தேய்ந்தன. அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948இல் தொடங்கிய தொழிலகம், வேண்டாதபோது சக்கரத்தை அச்சுத் தண்டிலிருந்து பிரித்துவிடும் ஹப்புகளைச் செய்து விற்றது. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது அதற்கு முந்தைய ஆண்டு, 1947இல்.

ஆகவே ‘ஃபோர் வீல் விழவில்லை’ என்றால், பெட்டி முதல் ஹப் வரையுள்ள சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி கோக்கவில்லை. எது?

முதலில், பழுதே இல்லாமலும் விழாமல் இருக்கலாம். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றால் வளையம் நகராது. கம்பியைப் போட்டுவிட்டு வண்டியை நான்கடி முன்னும் பின்னும் உருட்டினால் விழுந்துவிடும். ‘லோ’ நிலைக்கு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்துப் போட வேண்டும். பலகையில் விளக்கு எரிகிறதே என்று சிலர் வாதிடுவார்கள். பல வண்டிகளில் அந்த விளக்குக்குத் தெரிந்தது பெட்டிக்குள் நடப்பது மட்டுமே. ஹப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

இனி சோதனை. கையால் பூட்டும் ஹப் உள்ள வண்டிக்கு இது. கெட்டியான சமதரையில் கம்பியைப் போட்டு, இரண்டு ஹப்பையும் பூட்டி, சற்று உருட்டி நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்குங்கள். அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். எல்லாம் கோத்திருந்தால் அது சுற்றவே கூடாது. ஏனெனில் எதிர்ச் சக்கரம் தரையில் நிற்கிறது. முன் தண்டோ பெட்டி வழியாகப் பின் சக்கரங்களோடு கட்டுண்டிருக்கிறது. சக்கரம் சுற்றுகிறது, அதனுடன் முன் தண்டும் சுற்றுகிறது என்றால் ஹப்புகள் சரி. பெட்டியோ அதன் கம்பி இணைப்போதான் பிடிக்கவில்லை. சக்கரம் சுற்றுகிறது, தண்டு அசையவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹப்பை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே ஒரு ஹப் கெட்டாலும் இரண்டு முன் சக்கரமும் இழுக்காது. டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சமமான முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் எதிர்ப்பே இல்லாமல் சும்மா சுழன்றால், மறுபக்கத்துக்கும் கிடைப்பது ஏறக்குறைய சுழியம்தான். வகுப்பில் இதைப் படித்தபோது இவ்வளவு பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

அண்ணனின் வண்டியில் தண்டு அசையவில்லை. இரண்டு ஹப் மூடிகளையும் கழற்றினோம். இடப்பக்கத்தில் வெளியே குமிழ் ‘பூட்டு’ நிலைக்குத் திரும்பியிருந்தது. உள்ளே நகர வேண்டிய வளையம் நகரவில்லை. பழைய கிரீசும் கரிசல் தூசும் சேர்ந்து மெழுகு போல் இறுகிக் கிடந்தன. டீசலில் கழுவி, புதுக் கிரீசை மெல்லியதாகப் பூசி, புதிய பேக்கிங் தாள் வைத்து மூடினோம். கிரீசை அள்ளி அப்பினாலும் வளையம் நகராது என்பதைக் கவனிக்க வேண்டும்.

என்ஜினின் உறிஞ்சு விசையால் தானே பூட்டிக்கொள்ளும் ஹப்புகளும் உண்டு. டீசல் வண்டிகளில் இதற்குத் தனியாக ஒரு வெற்றிடப் பம்பு இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது ரப்பர்க் குழாய். ஹப் பக்கத்து முனையைக் கழற்றி, என்ஜின் ஓட, ஃபோர் வீல் போட்ட நிலையில் விரலை வைத்தால் இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் குழாய் வெடித்திருக்கலாம். எலி கடித்ததாகவும் இருக்கலாம். பொத்தானால் இயங்கும் வண்டிகளில் முதலில் ஃபியூஸ்.

நம் பகுதியில் இந்தப் பழுது மிகுதியாக வர ஒரு காரணம் உண்டு என்பது என் எண்ணம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மற்ற மாதங்களில் ஃபோர் வீலுக்கு இங்கே வேலையே இல்லை. சென்ற மழையில் கம்பி மூட்டுகளில் ஒட்டிய களி காய்ந்து கல்லாகிறது. அசையாத வளையம் துருவேறுகிறது. மாதம் ஒருமுறை உழவுக் காட்டுப் புழுதியில் ஒரு கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டினால் எண்ணெய் எல்லா இடமும் பரவும். ஆனால் மதுரை–நெல்லை நெடுஞ்சாலையில் இதைச் செய்யக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்கின்றன. புழுதியில் சற்றுச் சறுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் சறுக்க முடியாமல் தண்டுகள் முறுக்கேறி நிற்கும். கம்பியையும் வெளியே எடுக்க முடியாது. அப்படிச் சிக்கிக்கொண்டால் சுத்தியலைத் தேட வேண்டாம். ஸ்டீயரிங்கை நேராக வைத்து வண்டியைச் சில அடி பின்னால் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து கம்பி தானே வந்துவிடும்.