பௌர்ணமி தெரியும்... 'பேட்ச் புதன்' தெரியுமா? - திருவண்ணாமலை கடைக்காரர்கள் கவனத்துக்கு!

பௌர்ணமி வந்துவிட்டால் திருவண்ணாமலை தூங்காது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனக்கூட்டம். லாட்ஜ் ரிசப்ஷனில் ரூம் கேட்டு வரிசை, ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகல் எடுக்க வரிசை. அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்க்கும். 'அப்டேட் தயார், ரீஸ்டார்ட் செய்யவும்.'

கூட்டத்தை நிற்க வைத்துவிட்டு யார் ரீஸ்டார்ட் செய்வார்கள்? 'அப்புறம்' என்று தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால், அந்த 'அப்புறம்' வராமலே போனால் என்ன ஆகும் என்பதை 2017-ல் உலகமே பார்த்தது.

59 நாள் அவகாசம்

2017 மார்ச் 14 அன்று விண்டோஸுக்கு ஒரு பேட்ச் வெளியிட்டது மைக்ரோசாஃப்ட். அதன் எண் எம்.எஸ்.17-010. ஒரே நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஃபைலையும் பிரின்டரையும் பகிர்ந்துகொள்ள, விண்டோஸில் 'எஸ்.எம்.பி' என்றொரு வசதி உண்டு. அதன் பழைய வடிவத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பாஸ்வேர்டு தெரிய வேண்டாம், யாரும் எதையும் க்ளிக் செய்யவும் வேண்டாம். அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்துவிடலாம். அதை அடைப்பதற்குத்தான் அந்த பேட்ச்.

அமெரிக்காவின் என்.எஸ்.ஏ உளவு அமைப்பு இந்த ஓட்டையை முன்பே கண்டுபிடித்து, 'எடர்னல்ப்ளூ' என்ற கருவியை உருவாக்கி ரகசியமாக வைத்திருந்தது. ஏப்ரல் 14 அன்று 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற கும்பல் அதை இணையத்தில் போட்டு உடைத்தது. பூட்டு, கள்ளச்சாவி இரண்டும் இப்போது ஊருக்கே தெரியும். பேட்ச் போட்டவர்கள் பூட்டை மாற்றிவிட்டார்கள். மற்றவர்கள்?

அந்த ஆண்டு சித்ரா பௌர்ணமி மே 10. இரண்டே நாள் கழித்து, மே 12 வெள்ளிக்கிழமை 'வான்னாக்ரை' கிளம்பியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, 300 டாலரை பிட்காயினில் கேட்டது. மூன்று நாளில் தராவிட்டால் 600 டாலர். சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின.

திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய திருப்பதியில், தேவஸ்தான அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும் மாட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஆந்திராவில் காவல்துறை, கேரளாவில் பஞ்சாயத்து அலுவலகங்கள், சென்னை அருகே ஒரகடத்தில் ரெனோ - நிஸான் கார் ஆலை என்று பட்டியல் நீண்டது.

மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது பிரிட்டிஷ் இளைஞர், வைரஸ் தேடிய ஓர் இணைய முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்ததால் பரவல் அடங்கியது. ஆனால், ஏற்கெனவே பூட்டப்பட்டவை பூட்டப்பட்டவைதான்.

இதில் வேதனை என்னவென்றால், சிக்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். பேட்ச் இலவசமாகக் கிடைத்து 59 நாள்கள் ஆகியிருந்தன!

என்ன போகும்?

லாட்ஜ் கம்ப்யூட்டரில் தங்கியவர்களின் அடையாள அட்டை நகல்கள் இருக்கும். ரமணாசிரமம் வரும் வெளிநாட்டவருக்காக அனுப்பிய 'சி ஃபார்ம்' விவரங்கள் இருக்கும். இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும். ஸ்டூடியோவில் யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம். கடைக்காரரை நம்பி அடுத்தவர் கொடுத்தவை இவை. பணம் கட்டினாலும் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

என்ன செய்யலாம்?

* மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச் வெளியிடுகிறது. அமெரிக்காவில் காலை என்றால் இங்கே இரவு. எனவே, மறுநாள் புதன்கிழமை கடை மூடும்போது அப்டேட் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். இடையில் அவசர பேட்ச் வந்தால், அன்றிரவே போட்டுவிடுங்கள்.

* விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் தாங்கும் என்றால் விண்டோஸ் 11-க்கு மாறுவது நல்லது. முடியாதவர்கள், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்துகொள்ளலாம்.

* 'கிராக்' விண்டோஸ் போட்டுக் கொடுப்பவர்கள் பல நேரம் அப்டேட்டையே நிறுத்திவிடுவார்கள். செட்டிங்ஸில் கடைசியாக அப்டேட் ஆன தேதியைப் பாருங்கள்.

* முக்கியமான ஃபைல்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி வையுங்கள். கம்ப்யூட்டரிலேயே செருகிவைத்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும்.

* விருந்தினர்களுக்கான வைஃபையும் ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் நெட்வொர்க்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

* திரையில் மிரட்டல் வந்தால், முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பிறகு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

எந்த மாதம் எந்தத் தேதி பௌர்ணமி, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று திருவண்ணாமலையில் கடை வைத்திருப்பவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அதே காலண்டரில் இரண்டாவது செவ்வாய்க்கு மறுநாள் ஒரு வட்டம் போட்டுவிட்டால் போதும். அந்த 'அப்புறம்' எப்போது என்பதற்குத் தேதி கிடைத்துவிடும்!