ஏலூர் மின் நிலையம் ஏன் நின்றது?

மட்டாஞ்சேரி பஜாரில் கிட்டங்கி வேலைக்கும் கணக்கு எழுதவும் வந்திருக்கும் நம்மவர்கள், அறை வாடகையோடு கரண்டு பில்லுக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. 'கொச்சிக்கு அருகிலேயே ஒரு மின் நிலையம் இருந்ததே, அது என்னவாயிற்று?' என்ற கேள்வி நியாயமானதே.

1990-களில் கேரளத்தை மின்வெட்டு வாட்டியது. மழை பொய்த்தால் இடுக்கியின் 780 மெகாவாட்டும் கை கொடுக்காது. ஆகவே நாப்தாவில் ஓடும் நிலையங்களை நாடினார்கள். ஏலூரில் 157 மெகாவாட் நிலையம் எழுந்தது. காயங்குளத்தில் தேசிய அனல் மின் கழகம் 1998-99-ல் சுமார் 360 மெகாவாட் நிலையத்தை அமைத்தது.

கொடியடுப்புத் தத்துவம்

இவை இரண்டும் கூட்டுச் சுழற்சி முறையில் அமைந்தவை. நம் வீட்டுக் கொடியடுப்பை நினைத்துக் கொள்ளுங்கள். சோறு வேகும் தீயின் மிச்சச் சூட்டிலேயே பக்கத்தில் வெந்நீர் காய்கிறது. அதுபோல, எரிபொருள் எரிந்து முதல் டர்பைனைச் சுழற்றுகிறது. சுமார் 500 டிகிரி வெப்பத்தில் வெளியேறும் புகை வீணாகாமல் கொதிகலனில் நீராவியை உண்டாக்குகிறது. அந்த நீராவி இரண்டாவது டர்பைனை ஓட்டுகிறது. இதனால் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி மின்சாரமாகிறது.

இயந்திரத்தில் குறையில்லை; தீனிதான் கட்டுப்படியாகவில்லை. கச்சா எண்ணெய் விலையோடு நாப்தா விலையும் ஏறிற்று. யூனிட் விலை வாரியத்தால் தாங்க முடியாத அளவுக்குப் போயிற்று. மின்சாரம் வாங்காவிட்டாலும் காயங்குளத்துக்கு நிலைக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஏலூர் ஒப்பந்தம் 2015-ல் முடிந்தது.

இடையே 2013-ல், கோட்டைக் கொச்சிக்கு எதிர்க்கரையான புதுவைப்பில் திரவ எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கப்பட்ட வாயு அங்கே கப்பலில் வந்து இறங்குகிறது. வாயு வந்தது, மலிவு வரவில்லை. அதற்கும் டாலரில்தான் விலை. ஆலைகளுக்கும் சமையலறைகளுக்கும் அது குழாயில் போகிறது. ஏலூருக்கு உயிர் கொடுக்கவில்லை.

நம் மன்னார்குடிப் பக்கம் கோவில்களப்பாலிலும், இராமநாதபுரம் வழுதூரிலும் இதே முறை நிலையங்கள் உண்டு. அவற்றுக்கு அந்த வட்டாரத்து மண்ணிலிருந்தே வாயு கிடைத்தது. வேற்றுமை அங்கேதான் இருக்கிறது.

கேரளம் தன் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. 2019-ல் முடிந்த இடமண்-கொச்சி மின்பாதை வழியே கூடங்குளத்து மின்சாரமும் இங்கே வருகிறது. நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவரின் அறை விளக்கில், அவர் ஊர்ப் பக்கத்து மின்சாரமும் கலந்து எரிகிறது!

புதிய நிலையம் வருகிறது என்று இனி யாராவது சொன்னால், எத்தனை மெகாவாட் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எரிபொருள் எங்கிருந்து, என்ன விலைக்கு என்றும் கேளுங்கள். பில்லைக் கட்டப் போவது நாம்தானே!