குகை ஓவியங்களும் நமது மூச்சும்

மாத்தளை மாவட்டத்துக்குச் செல்வோரில் தம்புள்ளைக் குகைக் கோயிலைக் காணாது திரும்புவோர் மிகச் சிலரே. ஐந்து குகைகள், 157 சிலைகள், ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பில் ஓவியங்கள்! 1991ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது. இத்தகைய ஓவியங்களுக்கு மழையும் வெயிலும் மட்டுமே பகையல்ல. அவற்றை வியந்து நிற்கும் நமது மூச்சும் பகையாகலாம்.

நாம் உள்ளிழுக்கும் காற்றில் பதினாயிரம் பங்கில் ஏறத்தாழ 4 பங்கே கரியமில வாயு. வெளிவிடும் மூச்சிலோ அது நூறு மடங்காகப் பெருகுகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் இவ்வாயு மென்மையான அமிலமாக மாறும். பிரான்சு நாட்டின் லாஸ்கோ குகையின் கதை இதற்குச் சான்று. 1940இல் கண்டறியப்பட்டு, 1948இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அக்குகைக்கு நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அவர்களுடைய மூச்சும் வெப்பமும், உள்ளே ஏற்றிய விளக்கொளியும் சேர்ந்து சுவர்களிற் பாசியையும் வெண்படிவையும் தோற்றுவித்தன. 1963இல் குகையை மூட நேர்ந்தது.

தம்புள்ளை அத்தகைய அடைபட்ட குகையன்று. வாயில்களும் சாளரங்களும் உண்டு. ஆயினும் வழிபாட்டுத் தலத்தைப் பூட்டிவைத்தல் தகுமோ? அளந்தறிந்து காப்பதே அறிவுடைமை. அதற்கு ஏற்ற கருவிகளுள் ஒன்று ஒளியிழை உணரி.

தலைமயிர் போன்ற மெல்லிய கண்ணாடி இழையினுள் ஒளி, மாணவர் பாடநூலிற் கற்கும் முழு உட்தெறிப்பினால், வெளியே சிதறாது வளைந்து செல்லும். இழையின் நுனியில் நிறமாறும் சாயம் கலந்த மெல்லிய படலம் பூசப்பட்டிருக்கும். கரியமில வாயு அதனுட் புகுந்து, ஈரத்தில் அமிலமாகிச் சாயத்தின் நிறத்தை மாற்றும். திரும்பிவரும் ஒளியின் வேறுபாட்டைக் கொண்டு வாயுவின் அளவை அறியலாம். ஓவியத்தின் அருகே மின்கம்பியோ வெப்பமோ வேண்டுவதில்லை. அளக்கும் பெட்டியைக் குகைக்கு வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இத்துறைக்கு அடிகோலியவர்களுள் ஒருவர் பஞ்சாபிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி. இழைக்கற்றை வழியே உருவத்தைச் செலுத்தியதை 1954இல் அவரும் ஹொப்கின்சும் வெளியிட்டனர்.

காற்றின் நிலை தெரிந்தால், கூட்டம் மிகும் நாட்களில் அடியார்களைச் சிறு சிறு குழுக்களாக அனுப்பலாம். சாளரங்களைத் திறந்து காற்றோட்டம் அளிக்கலாம். கதவை அடையாமலே கலையைக் காக்கும் வழி அதுவே. முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற செல்வத்தை நாமும் நம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வேண்டாமா?