எண்ணக் குமிழும் பேச்சுக் குமிழும்

சித்திரக்கதை படிப்போர் எவரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஓர் இலக்கணத்தைக் கற்றுக்கொள்கின்றனர். கூரிய வால் கொண்ட குமிழுக்குள் இருப்பது வாய்விட்டுப் பேசியது. மேகம்போல் சுருண்டு, சிறு வட்டங்களால் தலையோடு இணைந்த குமிழுக்குள் இருப்பது மனத்துக்குள் எண்ணியது. குழந்தைக்கும் விளங்கும் இவ்வேறுபாடு, நோயுற்றவரைப் புரிந்துகொள்ளப் பெரிதும் துணைசெய்யும் என்பதை நெடுநாள் சித்திரக்கதை வாசகனான நான் சில படைப்புகளின் வழியே உணர்ந்துள்ளேன். அவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நாளிதழில் அன்றாடம் சில கட்டங்களாக வரும் படத்தொடர் நமக்குப் புதிதன்று. 1960இல் 'தினத்தந்தி'யில் தொடங்கிய 'கன்னித்தீவு' பல தலைமுறை வாசகர்களுக்குப் பழக்கமானது. அதன் சிந்துபாத்துக்கு வயது ஏறுவதேயில்லை. கனடா நாட்டு ஓவியர் லின் ஜான்ஸ்டன் 1979இல் தொடங்கிய 'ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்' என்னும் தொடர் இதற்கு மாறானது. 'இன்பத்திலும் துன்பத்திலும்' என்ற பொருள் தரும் திருமண உறுதிமொழிச் சொற்களே அதன் தலைப்பு. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதையான அத்தொடரில், வாசகர்களோடு சேர்ந்து பாத்திரங்களும் மூப்படைந்தனர், குழந்தைகள் வளர்ந்தனர், முதியோர் நோயுற்றனர்.

ஜான்ஸ்டனுக்கும் மருத்துவமனைக்கும் பழைய தொடர்பு உண்டு. மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவர் மருத்துவ ஓவியராகப் பணியாற்றியவர். தாய்மையுற்றிருந்த காலத்தில், தம்முடைய மகப்பேறு மருத்துவரின் அறைக் கூரைக்காக நகைச்சுவைப் படங்கள் வரைந்தார். பரிசோதனைக்குப் படுத்திருக்கும் பெண்களின் கண்ணில் வெறும் கூரைக்குப் பதிலாகச் சிரிப்பூட்டும் படங்கள் பட்டன. அவை 1973இல் நூலாயின.

அவருடைய தொடரில் 2006ஆம் ஆண்டு, ஜிம் என்னும் முதியவர் பக்கவாதத்துக்கு உள்ளாகிப் பேச்சை இழக்கிறார். அவருடைய எண்ணக் குமிழ்களில் முழுமையான, தெளிவான வாக்கியங்கள் இருக்கின்றன. பேச்சுக் குமிழிலோ தொடர்பற்ற ஓரிரு சொற்களே வெளிப்படுகின்றன. மனைவி ஐரிஸுக்குக் கேட்பது அச்சொற்கள் மட்டுமே. வாசகருக்கோ இரண்டும் தெரிகின்றன. அவர் என்ன சொல்ல முயல்கிறார் என்பதையும், சொல்ல இயலாமல் எவ்வளவு தவிக்கிறார் என்பதையும் ஒரே கட்டத்தில் காண்கிறோம்.

மருத்துவர்கள் 'அஃபேசியா' எனக் குறிப்பிடும் பேச்சிழப்பின் உண்மை நிலையும் ஏறத்தாழ இதுவே. மூளையின் மொழிப் பகுதி பாதிக்கப்படுவதால் சொற்கள் வருவதில்லை. சிலருக்குப் பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதும் கடினமாகலாம். ஆயினும் அறிவு போய்விட்டது என்பது அதன் பொருளன்று. கட்டிலருகே நின்றுகொண்டு, "அப்பாவுக்கு ஒன்றும் விளங்காது" என்று உறவினர் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். அவரோடு பேசும்போது எதிரே அமர்ந்து, முகம் பார்த்து, சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. 'ஆம்', 'இல்லை' என்று தலையசைத்து விடை தரக்கூடிய வினாக்களைக் கேளுங்கள். விடைக்குப் பொறுமையாகக் காத்திருங்கள். அவர் தொடங்கிய சொல்லை அவசரப்பட்டு நீங்களே முடித்துவிடாதீர்கள்.

நாளிதழ்த் தொடரில் சொல்ல இடமில்லாத பலவற்றைத் தனிமுயற்சிச் சித்திரக்கதைகள் சொல்லின. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் கோப்பு எழுத்தராகப் பணிபுரிந்த ஹார்வி பீக்கர், 1976 முதல் 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' என்ற இதழைத் தம் கைப்பணத்தில் வெளியிட்டார். தம் அன்றாட வாழ்வே அவருக்குக் கதைப்பொருள். படங்களைப் பிறர் வரைந்தனர். பின்னர் அவருக்கு லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் ஏற்பட்டது. அவ்வனுபவத்தை மனைவி ஜாய்ஸ் பிராப்னருடன் இணைந்து எழுத, ஃபிராங்க் ஸ்டேக் வரைந்த 'அவர் கேன்சர் இயர்' 1994இல் வெளிவந்தது. தலைப்பிலுள்ள 'நம்' என்னும் பொருள்தரும் சொல் கருதத்தக்கது. சிகிச்சையின் வேதனை கணவருடையது. அதே ஆண்டில் வீடு வாங்கி, மருந்துக்கும் உணவுக்கும் பொறுப்பேற்றுக் களைத்துப்போனவர் மனைவி. கவனித்துக்கொள்பவரின் சோர்வையும் நோயின் ஒரு பகுதியாகவே அந்நூல் காட்டுகிறது.

நுரையீரலில் தொடங்கி மூளைக்குப் பரவிய புற்றுநோயோடு தம் தாய் போராடியதை பிரையன் ஃபைஸ் 'மாம்'ஸ் கேன்சர்' என்ற பெயரில் வரைந்தார். 2004இல் பெயர் குறிப்பிடாமல் இணையத்தில் வெளியிட்ட அப்படைப்பு, 2006இல் அச்சு நூலாயிற்று. தாயைக் காக்க முனையும் மூன்று பிள்ளைகளையும் அவர் ஓரிடத்தில் மீவீரர்களாகத் தீட்டுகிறார். நோயை எதிர்க்க வேண்டிய மூவரும் தமக்குள்ளேயே மோதிக்கொள்கின்றனர். அன்பு மிகுந்த குடும்பங்களிலும் இது நிகழ்வதே. அப்பக்கத்தைக் காணும் உடன்பிறந்தார் சிரிப்பர். பின் சற்று நேரம் மௌனமாக இருப்பர்.

சிகிச்சைக் காலத்தில் நீண்ட நூல்களைப் படிக்கப் பலருக்கு உடல் இடந்தராது. நான்கு கட்டப் படத்தொடருக்கு ஒரு நிமிடம் போதும். இடையில் உறங்கிப்போனாலும் இழப்பில்லை. வருகையாளர்கள் பழத்தோடு ஒரு சித்திரக்கதை நூலையும் கொண்டுவரலாம்.

ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் கட்டிலருகே இருப்பின் இன்னும் நன்று. பேச இயலாதவர், வலி எங்கே என்பதையோ, தமக்கு வேண்டியது தண்ணீரா போர்வையா என்பதையோ படத்தைச் சுட்டித் தெரிவிக்கலாம். எத்தகைய படங்கள் அவருக்குப் பயன்படும் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டறியுங்கள். குச்சி உருவங்களாக இருந்தாலும் குறையில்லை. அவருடைய எண்ணக் குமிழ் வெறுமையாக இல்லை என்பதை மட்டும் அருகிருப்போர் மறவாதிருத்தல் வேண்டும்.